புலிக்குள் மூவர்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘நாவலும் நாடகமும்’ என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இதில் பொதுவாகப் பேச ஆரம்பித்தால் முடிவே இருக்காது. நாவல் தனியாகப் படிப்பது, நாடகம் கூட்டமாகப் பார்ப்பது, அங்கே மனசு பேசும், இங்கே வாய் பேசும் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். நீங்களும் தலையாட்டிவிட்டுத் தேநீருக்குப் போய்விடுவீர்கள். ஆகவே ஒரே ஒரு நாவலையும் அதிலிருந்து பிறந்த ஒரே ஒரு நாடகத்தையும் எடுத்துக்கொள்கிறேன். யான் மார்ட்டெல் எழுதிய ‘லைஃப் ஆஃப் பை’. 2001-ல் வெளிவந்து, 2002-ல் புக்கர் பரிசு பெற்ற கனடா நாவல். நம் பக்கத்துப் புதுச்சேரியில் தொடங்குவதால் நமக்கும் அதில் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பிசின் மோலிட்டார் படேல் என்றொரு பையன். பாரிஸில் உள்ள நீச்சல் குளத்தின் பெயரை அவனுக்கு வைத்துவிட்டார்கள். பள்ளியில் கேலி பொறுக்காமல் அவனே அதைப் ‘பை’ என்று வெட்டிக்கொள்கிறான். அப்பா, புதுச்சேரி தாவரவியல் பூங்காவில் மிருகக்காட்சி சாலை நடத்துகிறார். நெருக்கடி நிலைக் காலம். 1976-ல் தமிழ்நாட்டில் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது நாவலில் வருகிறது. அப்பாவுக்கு இந்த நாட்டின்மேல் இருந்த நம்பிக்கை போனதற்கு அதுவும் ஒரு காரணம். குடும்பம் கனடாவுக்குக் கிளம்புகிறது. விலங்குகளும் அதே கப்பலில் ஏறுகின்றன. 1977 ஜூலை 2 அன்று அந்த ஜப்பானியச் சரக்குக் கப்பல் பசிபிக் கடலில் மூழ்குகிறது. உயிர்காப்புப் படகில் மிஞ்சியவர்கள் பை, கால் முறிந்த வரிக்குதிரை, கழுதைப்புலி, ஒராங்குட்டான், பிறகு ரிச்சர்ட் பார்க்கர் என்ற வங்கப் புலி. கழுதைப்புலி மற்ற இரண்டையும் கொல்கிறது. புலி கழுதைப்புலியைக் கொல்கிறது. பையனும் புலியும் 227 நாள் கடலில் கிடந்து மெக்சிகோ கரையில் ஒதுங்குகிறார்கள். புலி திரும்பிக்கூடப் பார்க்காமல் காட்டுக்குள் போய்விடுகிறது.

மருத்துவமனையில் அவனை விசாரிக்க இரண்டு ஜப்பானிய அதிகாரிகள் வருகிறார்கள். புலிக் கதையை அவர்களால் ஏற்க முடியவில்லை. சரி, இந்தாருங்கள் என்று பை இன்னொரு கதை சொல்கிறான். அதில் விலங்கே கிடையாது. படகில் இருந்தவர்கள் கப்பல் சமையல்காரன், கால் முறிந்த மாலுமி, பையின் அம்மா, பை. சமையல்காரன் மாலுமியைக் கொல்கிறான், அம்மாவைக் கொல்கிறான். பை சமையல்காரனைக் கொல்கிறான். அதிகாரிகள் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கிறார்கள். வரிக்குதிரை மாலுமி, ஒராங்குட்டான் அம்மா, கழுதைப்புலி சமையல்காரன். அப்படியானால் புலி யார் என்பதை யாரும் சத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டில் எந்தக் கதை மேலானது என்று பை அவர்களைக் கேட்கிறான். நாவல் நம்மிடம் விட்டுச்செல்வதும் அந்தக் கேள்விதான்.

இங்கே ஒரு சின்னப் புகார். பைக்கு நீச்சல் கற்றுத்தரும் குடும்ப நண்பரின் பெயர் பிரான்சிஸ் அதிரூபசாமி. புதுச்சேரிக்காரர்களின் காதுக்கு இது தேன். மிஷன் வீதியில் விசாரித்தால் இன்றைக்கும் இரண்டு அதிரூபசாமியாவது கிடைப்பார்கள். ஆனால் பை அவரை ‘மாமாஜி’ என்று கூப்பிடுகிறான். படேல் வீட்டுப் பையனாகவே இருக்கட்டும், அதிரூபசாமியை மாமாஜி என்பானா? என்னைக் கேட்டால், படகில் புலி இருந்ததை நம்பிவிடலாம், மாமாஜியை நம்புவதுதான் கஷ்டம். நாடகத்திலும் அவர் மாமாஜியாகவே தொடர்கிறார். இருக்கட்டும்.

விஷயம் புலியின் பெயரில் இருக்கிறது. நாவலின் முற்பகுதியில் ரிச்சர்ட் பார்க்கர் என்ற பெயர் அடிக்கடி வரும். அவர் யார் என்று மார்ட்டெல் சொல்ல மாட்டார். பை அவருக்காக இன்னும் ஏங்குகிறான், கனவில் காண்கிறான், அவர் விடைபெறாமல் போனது வலிக்கிறது என்றெல்லாம் வரும்போது யாரோ வெள்ளைக்கார நண்பர் என்றே நினைத்துப் படிப்போம். கப்பல் மூழ்கி, ‘நீந்தி வா’ என்று பை கூவி அழைத்துப் படகில் ஏற்றும் நேரத்தில்தான், வந்தது புலி என்று தெரிகிறது. மனிதன் என்று நினைத்தோம், விலங்காகிவிட்டது. கடைசி அத்தியாயங்களில் அந்த விலங்கு மறுபடி மனிதனாகிவிடுகிறது. அச்சில் மட்டுமே செய்யக்கூடிய வித்தை இது. பெயரை எழுதிவிட்டு உடம்பைக் காட்டாமல் இருக்கக் காகிதத்தால் முடியும்.

பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. 1884-ல் மிக்னொனெட் என்ற ஆங்கிலேயப் பாய்மரப் படகு மூழ்கியது. நான்கு பேர் சிறு படகில் தப்பினார்கள். பசி தாங்காமல் இருவர் அதில் இளையவனைக் கொன்றார்கள், மூவரும் தின்றார்கள். கொன்ற இருவர்மேல் நடந்த வழக்கைச் சட்ட மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிறார்கள். செத்த பையனுக்குப் பதினேழு வயது, பெயர் ரிச்சர்ட் பார்க்கர். அதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டு முன்பே, 1838-ல், எட்கர் ஆலன் போ எழுதிய கடற்பயண நாவலிலும் ஒருவனைக் கொன்று தின்கிறார்கள். அவன் பெயரும் ரிச்சர்ட் பார்க்கர். மார்ட்டெல் இந்தப் பெயரைத் தெரிந்தேதான் எடுத்தார். புலியின் பெயரிலேயே மனிதன் மனிதனைத் தின்ற கதை புதைந்திருக்கிறது.

இப்போது இதை மேடையேற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் வருகிற எதற்கும் முதல் நொடியிலேயே உடம்பு வந்துவிடும். ஒளித்து வைக்க வழியில்லை. என்ன செய்வீர்கள்?

அதற்கு முன்னால் சினிமா என்ன செய்தது என்று பார்த்துவிடலாம். ஆங் லீ இயக்கிய படம் 2012-ல் வந்தது. புதுச்சேரியில் படமெடுத்தார்கள். கடலுக்காகத் தைவானில் ராட்சதத் தொட்டி கட்டினார்கள். பாம்பே ஜெயஸ்ரீ பாடிய தமிழ்த் தாலாட்டு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. படத்துக்கு நான்கு ஆஸ்கர் கிடைத்தது. புலியின் பெரும்பகுதி கணினியில் வரைந்தது, ஆனால் ஒரு ரோமத்தைக்கூட உங்களால் சந்தேகிக்க முடியாது. படத்தின் சாதனை அது. அதன் கோளாறும் அதுவே என்பது என் கட்சி. ஒரு மணி நேரத்துக்கு மேல் கண்ணெதிரே புலி உறுமி, ஈரம் சொட்டி, எலும்பும் தோலுமாக இளைத்துப் போவதைப் பார்த்துவிட்டோம். இரண்டாவது கதையோ மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் பையன் வாயால் சொல்லும் சில நிமிடப் பேச்சு. கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மோதினால் எது ஜெயிக்கும்? போட்டி சமமாக இல்லை.

அந்தப் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவால் மனு போட்டது. அதே மாதத்தில் அதன் கலைஞர்கள் ஆஸ்கர் மேடையேறி விருது வாங்கினார்கள். நிறுவனத்தின் நிலைமையைச் சொல்ல வாயெடுத்தவரின் பேச்சைப் பின்னணி இசை மூடியது. வெளியே தெருவில் அந்தத் தொழிலைச் சேர்ந்தவர்கள் ஆர்ப்பாட்டம் செய்துகொண்டிருந்தார்கள். புலி எல்லோருக்கும் தெரிந்தது. புலியைச் செய்தவர்கள் யாருக்கும் தெரியவில்லை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாடகத்துக்கு வருகிறேன். நாவலை நாடகமாக்கியவர் லோலிதா சக்கரவர்த்தி. நடிகை, நாடக ஆசிரியர். இயக்கியவர் மேக்ஸ் வெப்ஸ்டர். 2019 கோடையில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் க்ரூசிபிள் அரங்கில் முதலில் மேடையேறியது. (உலக ஸ்னூக்கர் போட்டி நடப்பதும் அதே அரங்கில்தான், அதுவும் 1977 முதல். பையின் கப்பல் மூழ்கிய ஆண்டு.) 2021 நவம்பரில் லண்டன் விண்டம்ஸ் அரங்குக்கு வந்தது. பையாக நடித்த ஹிரான் அபேசேகர இலங்கையில் பிறந்தவர். நான் பார்த்தது 2022-ல், லண்டனில், ஆக மேலே உள்ள மலிவு இருக்கையிலிருந்து. மலிவு இருக்கையில் எனக்கு ஒரு லாபம் இருந்தது. கடலை மேடைத் தரையின்மேல் ஒளியாகப் பாய்ச்சியிருந்தார்கள். கீழே விலை கொடுத்து உட்கார்ந்தவர்களுக்குப் புலியின் கண் தெரிந்திருக்கும். எனக்குப் பசிபிக் கடல் முழுக்கத் தெரிந்தது.

புலி வருகிறது. நிக் பார்ன்ஸும் ஃபின் கால்டுவெல்லும் செய்த பொம்மை. தோல் போர்த்தி மூடவில்லை, அங்கங்கே இடைவெளி விட்டு உள்கூடு தெரிகிறது. ஒருவர் தலையைப் பிடித்திருக்கிறார். ஒருவர் நடுவுடம்பில் குனிந்து நுழைந்திருக்கிறார். ஒருவர் பின்னங்கால்களில். மூன்று பேரையும் அப்பட்டமாகப் பார்க்கலாம், ஒளிவுமறைவே கிடையாது. முதலில் அது நடக்கவில்லை, மூச்சு விட்டது. மூன்று பேரும் சேர்ந்து இழுத்த மூச்சில் அந்தக் கூடு ஏறி இறங்கியது. பக்கத்து இருக்கையில் பாப்கார்ன் கொறித்துக்கொண்டிருந்த ஒரு பையன் கையை வாயருகே அப்படியே நிறுத்திவிட்டான்.

மூவர் சேர்ந்து ஒரு பாவையை ஆட்டுவது ஜப்பானின் பழைய முறை. ஒசாகாவின் புன்ராக்கு ஆட்டத்தில் தலைமைக் கலைஞர் தலையையும் வலக்கையையும் பார்த்துக்கொள்வார், இன்னொருவர் இடக்கை, மூன்றாமவர் கால்கள். மூவரும் பார்வையாளர் கண்முன் நிற்பார்கள். அந்த வழி தென்னாப்பிரிக்காவின் ஹேண்ட்ஸ்பிரிங் குழுவினர் கைக்கு வந்து, 2007-ல் லண்டன் தேசிய அரங்கில் ‘வார் ஹார்ஸ்’ நாடகத்தின் குதிரைகளானது. அதுவும் நாவலிலிருந்து வந்ததுதான். மைக்கேல் மார்பர்கோ 1982-ல் எழுதிய நாவலில் குதிரையே கதை சொல்லும், மேடையில் குதிரை ஒரு வார்த்தை பேசாது. கால்டுவெல் அந்தக் குதிரைகளோடு பழகியவர். நம் தஞ்சாவூர் பொம்மலாட்டத்தில் கலைஞர்கள் திரைக்குப் பின்னால் நின்று கம்பியையும் கயிற்றையும் இயக்குவார்கள். தோல்பாவைக்கூத்திலும் ஆள் திரைக்குப் பின்னால்தான். மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதை வள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தில் நல்ல பொருளில் சொல்லவில்லை. கயிறு மறைந்திருப்பதால் வரும் மயக்கம் அது. இந்தப் புலியிடம் மறைக்கக் கயிறே இல்லை. தெரிந்தே மயங்குகிறோம்.

நான் சொல்ல வந்தது இதைத்தான். நாவல் கடைசி அத்தியாயங்கள் வரை பூட்டி வைத்திருந்த ரகசியத்தை இந்த நாடகம் முதல் விலங்கு வந்த நொடியிலேயே மேடை நடுவில் வைத்துவிட்டது. ஒவ்வொரு விலங்குக்குள்ளும் ஒரு மனிதன் இருக்கிறான் என்பதுதானே பையின் இரண்டாவது கதை? கழுதைப்புலி வரிக்குதிரையைக் குதறும்போது மனிதக் கைகள் மனிதக் கைகளைக் குதறுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒராங்குட்டானின் தலையை ஏந்திப் பிடித்திருந்தது ஒரு மனித முகம். அந்த முகம் அதன் வலியைத் தானும் பட்டது. ஆனாலும் ‘விலங்கு, விலங்கு’ என்றே நம் மனம் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டாவது கதையைப் பை சொல்லத் தொடங்கியபோது எனக்கு அதிர்ச்சி வரவில்லை, வெட்கம் வந்தது. இரண்டு மணி நேரமாகக் கண்ணெதிரே நின்ற மனிதர்களை நானாகவே பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

இரண்டு கதையும் ஒரே பொருளில் ஒரே நேரத்தில் நிற்கின்றன. ஆகவே இங்கே போட்டி சமம். சினிமா புலியை நிஜமாக்கியது. நாவல் புலியைச் சொல்லாக வைத்துக்கொண்டது. மேடை புலியை நம் சம்மதத்தால் செய்தது. சம்மதம் கொடுத்தவன் என்ற முறையில் எந்தக் கதை மேலானது என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு எனக்கும் வந்துவிட்டது.

சக்கரவர்த்தியின் இன்னொரு முடிவும் பெரியது. நாவலில் மொத்தம் நூறு அத்தியாயங்கள். முதல் 36 புதுச்சேரி, 94 வரை கடல், மீதி ஆறுதான் மெக்சிகோ மருத்துவமனை. அவர் அந்தக் கடைசி ஆறை எடுத்து நாடகம் முழுவதற்கும் வீடாக்கிவிட்டார். திரை விலகுவதே மருத்துவமனை அறையில்தான். விசாரிக்க ஆட்கள் வருகிறார்கள், பையன் சொல்லச் சொல்ல அறையின் சுவர்கள் புதுச்சேரியாகின்றன, கட்டில் படகாகிறது. யாராவது ஒரு கேள்வி கேட்டால் கடல் வடிந்து மறுபடி அறை வந்துவிடும். டிம் ஹாட்லியின் மேடையமைப்பில் இந்த மாற்றம் சில நொடிகளில் நடந்தது. இதனால் நாடகம் முதலிலிருந்தே வாக்குமூலமாகிவிடுகிறது. கடற்சாகசம் பார்க்க வந்தவர்களை அது விசாரணை அறையில் உட்கார வைக்கிறது. நாவலை நாடகமாக்குவோர் வழக்கமாக முதல் பக்கத்தில் தொடங்கி வெட்டிக்கொண்டே வருவார்கள். கடைசிக்கு வரும்போது நேரம் போயிருக்கும், முடிவை ஓட்டமாக ஓட்டுவார்கள். இவர் முடிவிலிருந்து பின்னோக்கிக் கட்டியிருக்கிறார். பிற்பாடு மேகி ஓ’ஃபாரலின் ‘ஹாம்னெட்’ நாவலையும் இவரே நாடகமாக்கினார், 2023-ல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்காக. அந்த நாவல் ஷேக்ஸ்பியரின் பெயரை ஒரு இடத்திலும் சொல்லாது. மேடையில் அவர் வில்லியம் என்று அழைக்கப்படுகிறார். உடம்பு வந்தபின் பெயரை ஒளிப்பது வீம்பு என்று சக்கரவர்த்திக்குத் தெரிந்திருக்கிறது.

இழந்ததையும் சொல்ல வேண்டும். நாவலில் இரண்டு குமார்கள் உண்டு. ஒருவர் கடவுள் இல்லை என்னும் உயிரியல் ஆசிரியர். மற்றவர் ரொட்டிக்கடை நடத்தும் சூஃபி. இருவருக்கும் ஒரே பெயர், சதீஷ் குமார். இருவரும் ஒருநாள் மிருகக்காட்சி சாலையில் ஒரே வரிக்குதிரை முன்னால் நிற்பார்கள். எவர் எந்தக் குமார் என்று பேச்சிலிருந்துதான் நாம் கண்டுபிடிக்க வேண்டும். நம்பிக்கைக்கும் மறுப்புக்கும் ஒரே பெயர் வைத்த அந்தக் குறும்பு நாவலின் மையம் என்பேன். நாடகத்தில் ஆசிரியர் திருமதி பயாலஜி குமார் என்ற பெண்ணாகிவிட்டார், மற்ற குமார் போயே போய்விட்டார். அண்ணன் ரவிக்குப் பதில் ராணி என்ற சகோதரி வந்தது எனக்கு உறுத்தவில்லை. அவள் இருப்பதால் கப்பல் மூழ்கும்போது இழப்புக்கு இன்னொரு முகம் கிடைக்கிறது. குமாரை இழந்ததுதான் இழப்பு.

இன்னொன்று, சலிப்பு. 227 நாள் என்பது சலிப்பின் நீளம். வெயில், மீன், தாகம், மறுபடி வெயில் என்று மார்ட்டெல் பக்கம் பக்கமாக எழுதி நம்மை வறுத்தெடுப்பார். அந்த வறட்சியில்தான் புலி துணையாக மாறும். மேடையில் சலிப்பைக் காட்ட யாருக்கும் துணிச்சல் வருவதில்லை, டிக்கெட் விலை அப்படி. நாடகத்தில் கடல் ஒரே அழகாக இருக்கிறது. ஒளிரும் மீன்கள் வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். புதுச்சேரியும் ஒரு சந்தைக் காட்சியாகச் சுருங்கிவிட்டது. பிரெஞ்சுத் தெருப்பெயர்ப் பலகையும் தமிழும் கலந்த அந்த ஊர் விசித்திரத்தில் ஒன்றுகூட மேடைக்கு வரவில்லை.

2022 ஏப்ரல் 10 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் ஆலிவியர் விருது விழா நடந்தது. இந்த நாடகத்துக்கு ஐந்து விருதுகள். சிறந்த புதிய நாடகம், ஹிரான் அபேசேகரவுக்குச் சிறந்த நடிகர், மேடையமைப்பு, ஒளியமைப்பு. ஐந்தாவது, சிறந்த துணை நடிகர். அந்த ஒரு விருதை முறைவைத்துப் புலியை ஆட்டிய ஏழு பேருக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள். மறுஆண்டு நியூயார்க்கில் மூன்று டோனி விருதுகள் கிடைத்தன, ஆனாலும் 2023 ஜூலையோடு அங்கே ஆட்டம் முடிந்துவிட்டது. சினிமாப் புலியைச் செய்தவர்களின் கதையை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இதற்காகத்தான்.

மாணவர்கள் பலர் நாடகக் குழு வைத்திருப்பதாகத் துறைப் பேராசிரியர் சொன்னார். தமிழ் நாவல்களை மேடைக்குக் கொண்டுவர நாம் முயலாமலில்லை. 1999-ல் மேஜிக் லான்டர்ன் குழு ‘பொன்னியின் செல்வ’னை மேடையேற்றியது, கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். ஆனால் அது எல்லோருக்கும் முன்பே கதை தெரிந்த நாவல். கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் எழுதப்பட்ட நாவல்களில் ஒன்றை எடுங்கள். வசனத்தை முதலில் எழுத உட்காராதீர்கள். அந்த நாவல் அச்சில் மட்டுமே செய்யக்கூடிய வித்தை எது என்று தேடிப் பிடியுங்கள். மேடையில் அதைச் செய்ய முடியாது, அதற்குப் பதில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஒரு வாரம் சண்டை போடுங்கள். அடுத்த ஆண்டு இந்தச் சொற்பொழிவுக்குப் பதில் இதே மேடையில் அந்த நாடகத்தை வைக்க இந்த அறக்கட்டளையை நிறுவிய ஆசிரியரின் குடும்பத்தார் ஒப்புவார்கள் என்று நினைக்கிறேன். அந்தக் குடும்பத்து அம்மா முன்வரிசையிலிருந்து தலையசைக்கிறார்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். ஏழரைக்கு அரங்கைப் பூட்ட வேண்டும் என்று காவலர் ஏற்கெனவே இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார்.